நான் திருப்பிய தகடு

புவெர்தோ பிரின்செசா,
மே 19

அன்பு மகள் ஜெனலினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. பெர்கன் குளிரில் நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் சுகம். என் மனசுதான் சரியில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவை அந்தத் திட்டுத் திட்டினாயே, "ஐம்பத்தெட்டு வயசாகியும் புத்தி வரலையா, படகுல ஏறிட்டு யார்கிட்டயும் சொல்லாம மறுபடி குதிப்பீங்களா" என்று, அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உன்னிடம் சொன்னது பொய், ஜெனலின். அவர் படகில் ஏறவே இல்லை.

எங்கள் முக்குளிப்புப் படகின் தகட்டுப் பலகை உனக்குத் தெரியும். கடலில் இறங்குகிறவர் தன் பெயர்த் தகட்டைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும், ஏறியதும் தானே வெள்ளைக்குத் திருப்ப வேண்டும், அடுத்தவர் தொடக் கூடாது. அப்பா என்றைக்கு ஒழுங்காகத் திருப்பினார்? ஏறியதும் உப்புப் போகக் கேமராவை நல்ல தண்ணீர்த் தொட்டியில் போடுவார், அதற்குத் தாலாட்டுப் பாடாத குறைதான். பலகை நான் சமைக்கும் படகுச் சமையலறை வாசலில் இருப்பதால், தொட்டியில் கேமராவைக் கண்டால் நானே தகட்டைத் திருப்பிவிடுவேன். பதினோரு வருஷமாக இப்படித்தான், கேப்டன் ருஃபினோவுக்குத் தெரியாமல்.

அன்று வெளிப் பவளத்திட்டின் வடக்கு முனையில் அப்பா கடலடியில் கொம்புத்திருக்கைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கேமராப் பெட்டிக்குள் நீர் கசிந்ததால், மேலே ஏறவிருந்த ஒரு விருந்தாளியிடம் அதைக் கொடுத்தனுப்பிவிட்டு, நழுவிப்போன விளக்கைத் தேடித் திரும்பக் கீழே போயிருக்கிறார். நான் தொட்டியில் கேமராவைப் பார்த்தேன், ஒரு கையில் கரண்டி இருக்க மறு கையால் தகட்டைத் திருப்பினேன். பலகை முழுக்க வெள்ளை. கேப்டன் இன்ஜினைப் போட்டுத் தெற்கே கிளம்பிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சினிகாங் புளிச்சாற்றை ஊற்றிக்கொண்டார்கள், மீன் தலையைக் கேட்டு மட்டும் யாரும் வரவில்லை. அது அவர் பங்கு. குளியலறைக் கதவைத் தட்டினேன், மேல்தளத்துக்கு ஓடினேன், கத்தினேன். படகு பழைய இடத்துக்குத் திரும்பியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே நீரோட்டம் ஆளை ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், அதற்கப்புறம் கரையே கிடையாது. கூரையில் ஏறி ஆளுக்கொரு திசையாகப் பார்த்தோம். ஒவ்வொரு நுரையும் அவர் தலையாகத் தெரிந்தது. நான் மாதாவிடம் வேண்டவில்லை, சண்டை போட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவருடைய ஆரஞ்சு மிதவைக் குழாய் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. தூக்கி ஏற்றியபோது உதடெல்லாம் நீலம். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், உடனே "ஏறித் தகட்டைத் திருப்பிட்டு, விளக்கு ஞாபகம் வந்து மறுபடி குதிச்சேன் கேப்டன், தப்பு என் மேலதான்" என்றார். "யோவ் கிளெட்டோ, இந்த சீசன் முழுக்க நீ தண்ணியில காலை நனைச்சுப் பாரு" என்று கேப்டன் கத்தினார்.

அன்றிலிருந்து அவர் கடலில் இறங்கத் தடை, துறைமுகத்தில் எல்லாரும் அவரை மறதிக்காரக் கிழவன் என்கிறார்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டால், "உன்னை இறக்கிவிட்டுட்டு வேற ஒருத்தி சமையலை எவன் வாயில வைப்பான்" என்று கேலி செய்கிறார். அந்தக் கேலியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளை படகு புறப்படுகிறது. இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே கேப்டன் வீட்டுக்குப் போகிறேன். என் வேலை போகும், போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. நீ காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, வேலைக்கு வெறும் வயிற்றோடு ஓடாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன், அவரைத் திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்குச் சொல்.

உன் அம்மா,
ஃபெலிசா