குசினிக்குள் சப்பாத்து

உடுவில்
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள கஜீபன் அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகமாக இருக்கிறோம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிகிறது என்பதைத் தவிர வேறு குறையில்லை. அங்கே குளிர் கொஞ்சம் குறைந்திருக்கும். உங்கள் இருமல் முற்றாக விட்டதா என்பதை மறக்காமல் அறியத் தாருங்கள்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். புதன்கிழமை நீங்கள் கதைத்த கதையை நினைத்துப் பாருங்கள். "அக்கா எல்லாம் சொன்னவ. உந்தச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் குசினிக்குள்ளை போ. இல்லாட்டி உந்த இடியப்ப வேலையை விடு. நான் அனுப்புறன்தானே" என்றீர்கள். நான் வாய் திறக்க முன்னமே போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. லீவில் வந்து நிற்கிற சுபாஸ் செவ்வாய்க்கிழமை உங்கள் சூரிச்சுக்குத் திரும்புகிறார். மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தூளில் இந்த முறை உறைப்புக் கொஞ்சம் கூட. கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும், கோபிக்க வேண்டாம்.

என் முழங்காலின் கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். போன ஐப்பசி மழையோடு நோவு கூடிவிட்டது. விடியப்புறம் எழும்பி மா குழைத்து, உரலைப் பிடித்துக் கடைக்கு இடியப்பம் பிழிந்து முடிக்க, வலது முழங்காலுக்குள் யாரோ ஆணி இறுக்குவது போல இருக்கும். அக்கா தந்த எண்ணெயைப் பூசினேன். நீங்கள் அனுப்பிய முழங்கால் உறையையும் மாட்டினேன். கடைசியில் எலும்பு டொக்டரிடம் போனேன். அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு அவ்வளவு தேயவில்லை, ஒப்பரேஷன் தேவையில்லை என்றார். பிறகு என் செருப்பைக் கழற்றித் தரச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. செருப்பின் உள்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து கடதாசி போல இருந்ததைக் காட்டி, "உங்கடை பாதம் தட்டை. நிக்கேக்கை உள்பக்கம் சரியுது. அதுதான் முழங்காலைத் திருகுது" என்றார்.

அவர் எழுதித் தந்ததைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்குப் போனேன். அங்கே வாங்கிலில் இருந்தவர்களைப் பார்த்தபோது, கால் இரண்டும் உள்ள நான் நோவு என்று வந்து நிற்பதே கூச்சமாக இருந்தது. றொசாந்தி என்றொரு பிள்ளை என் பாதத்தை அச்சு எடுத்து, சப்பாத்துக்குள் வைக்க இரண்டு சோல் செய்து தந்தாள். பாதத்தின் நடுவில் மேடு வைத்து, அது சரியாமல் தாங்கிப் பிடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கி அதற்குள் வைத்துக்கொண்டேன்.

இனித்தான் என் புத்திசாலித்தனத்தைக் கேளுங்கள். தை முடிந்தும் நோவு துளியும் குறையவில்லை. காசைக் கரியாக்கிவிட்டேன் என்று திட்டிக்கொண்டு திரும்ப அங்கே போனேன். றொசாந்தி, "அன்ரி, எந்த நேரம் போடுறனீங்கள்?" என்று கேட்டாள். வெளியே போகும்போது போடுகிறேன் என்றேன். எங்கே போவீர்கள் என்றாள். கோயிலுக்கு என்றேன். கோயில் வாசலில்? கழற்றிவிடுவேன். சொந்தக்காரர் வீட்டில்? அங்கேயும் வாசலில் கழற்றிவிடுவேன். வீட்டில்? வீட்டுக்குள் யார் சப்பாத்துப் போடுவார்கள் என்று நானே அவளை மடக்கினேன். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப அது கோயிலுக்குப் போற ரோட்டிலை மட்டும்தான் வேலை செய்திருக்கு. எங்கை கனநேரம் நிக்கிறியளோ அங்கை போடுங்கோ" என்றாள். நான் கனநேரம் நிற்கிற இடம் எது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பழைய சோடியை எடுத்துக் குசினிக்குள் போட எனக்கும் மனம் வரவில்லை. நானும் இந்த வீட்டில் வெறுங்காலோடு வளைய வந்தவள்தான். அதனால் புதிதாக ஒரு சோடி வாங்கினேன். அது தெருவைக் கண்டதேயில்லை, முற்றத்து மண்கூடப் படவில்லை. தோல் இல்லை, முழுக்கத் துணி. கிழமைக்கு ஒருமுறை கழுவிக் காயவிடுகிறேன். சாமியறைக்கு இன்றும் வெறுங்காலோடுதான் போய் விளக்குக் கொளுத்துகிறேன். குசினிக்குள் மட்டும் சோலோடு நிற்கிறேன். முதல் சில நாள் கெண்டைக்கால் உளைந்தது. அது பழகிய பிறகு முழங்கால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. நோவு முழுதாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது இடியப்பம் பிழிந்து முடித்த பிறகும் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன்.

அக்கா முதல் நாள் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள், "அடுப்புக்கு மேலை பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். ஓம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு அழுததையும் அவர் பார்த்தார். இப்போது நேராக நிற்பதையும் பார்க்கட்டுமே என்றேன். அன்றைக்கே பின் விறாந்தையில் ஒரு சின்ன எண்ணெய் அடுப்பை வைத்துத் தனக்குத் தனியாகச் சமைக்கத் தொடங்கிவிட்டார். சப்பாத்துக் கால் பட்ட குசினியில் வெந்த சோறு வேண்டாமாம். ஊரிலும் சொல்லியாயிற்று. கோயில் வீதியில் ஒருத்தி, "சுபாஜினி வெள்ளைக்காரி ஆகிட்டா" என்று எனக்குக் கேட்கவே சொன்னாள். வெள்ளைக்காரிக்கு இடியப்பம் பிழியத் தெரியுமோ என்று கேட்டுவிட்டு வந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டோ? அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. உங்கள் வாய்தான் என்னைச் சுட்டது.

நீங்கள் அங்கே என்ன வேலை செய்கிறீர்கள்? அடுப்படி வேலை. காலையிலிருந்து இரவு வரை கறுப்புச் சப்பாத்தோடு அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள். அந்தச் சப்பாத்து இல்லாவிட்டால் முதுகு முறிந்திருக்கும் என்று நீங்களே எனக்குச் சொன்னீர்கள். சப்பாத்துக் காலோடு நின்று நீங்கள் சமைத்ததைச் சூரிச்சில் ஊரே சாப்பிடுகிறது. அக்கா அதற்கு ஒரு நாளாவது முகம் சுளித்தாரா? தம்பி கஷ்டப்படுகிறான் என்று கண்ணைத் துடைப்பார். அதே வேலையை அதே மாதிரி நான் செய்தால் வீட்டுக்குத் தீட்டாம். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். உங்களுக்கும் வந்ததுதானே, பிறகுமா தெரியவில்லை?

இடியப்பத்தை விடு என்கிறீர்கள். நீங்கள் அனுப்புவதால்தான் இந்த வீடு நிற்கிறது, கஜீபன் பேராதனையில் படிக்கிறான். அதை நான் ஒருநாளும் மறக்க மாட்டேன். ஆனால் அது வீட்டுக்கு வருகிறது. சுன்னாகத்துக் கடையில் சனம், "சுபாஜினியின்ரை இடியப்பம் வந்திட்டுதோ?" என்று கேட்டு நிற்பது எனக்கு வருகிறது. எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருந்தால் பகல் முழுக்க உங்கள் போன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த இருப்பை நான் அறிவேன். அதைவிட முழங்கால் நோவு எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை

வெள்ளிக்கிழமை இதற்கு மேல் எழுத முடியவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. டெங்குவாக இருக்குமோ என்று பயந்து இரத்தம் பார்த்தோம். அது இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான், இப்போது விட்டுவிட்டது. நீங்கள் பதறிப்போய்ப் போன் எடுக்க வேண்டாம்.

நேற்று மத்தியானம் உள்ளியும் மல்லியும் போட்டுக் கஞ்சி காய்ச்சிச் சட்டியோடு அவருடைய அறைக்குக் கொண்டுபோனேன். அக்கா படுத்தபடியே என் காலைப் பார்த்தார். "உதை வெளியிலை கழட்டிப்போட்டு வா" என்றார். நான் சொன்னேன், "மச்சாள், கழட்டினா இந்தச் சுடுசட்டியோடை என்னாலை நிக்க ஏலாது. உங்களுக்குக் கஞ்சி வேணுமோ, என்ரை வெறுங்கால் வேணுமோ?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நான் போகவில்லை, அப்படியே நின்றேன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு அக்கா எழும்பி இருந்து, "ஆறப்போகுது, தா" என்றார். கோப்பை கோப்பையாகக் குடித்து முடித்துவிட்டு, "உப்புக் காணாது" என்றார். இதை யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நீங்களும் போனில் கேட்டுத் தொலைக்காதீர்கள், பாவம். இன்று விடிய விறாந்தையில் திரும்பவும் அவருடைய அடுப்பு எரிகிறது. எரியட்டும். உங்கள் அம்மா போன பிறகு உங்களை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவரை இந்த வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல நான் விடமாட்டேன். அக்காவும் இங்கே இருப்பார், சப்பாத்தும் இருக்கும். நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தோ கஞ்சி குடித்தோ ஒரு வழி காண்போம். அங்கேயிருந்து நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கஜீபன் ஏ.எல். பரீட்சை எழுதிய வருடம் வந்துவிட்டுப் போனீர்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்கிறீர்கள். நீங்கள் வராததற்குக் காரணம் இருக்கும், நான் கேட்கவில்லை. ஆனால் இந்தக் குசினியில் எப்படி நிற்பது என்று, இங்கே நிற்கிற நான்தான் முடிவு செய்வேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இருமலுக்கு மருந்தை விடாதீர்கள். அந்தக் குளிருக்குள் உங்களைத் தனியே விடாமல் பிள்ளையார் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு கேளுங்கள். வந்து, இந்தக் குசினி வாசலில் நின்று, என் முகத்தைப் பார்த்துக் கழற்று என்று ஒருமுறை சொல்லுங்கள். நான் கழற்ற மாட்டேன். ஆனால் நீங்கள் வந்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சுபாஜினி