அரக்கனை நேர்வழியில் வென்ற அக்காவுக்கு

அக்கா,

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு, பாகாயத்தில் என் வீட்டு வாசலில் வரலாறு நிகழ்ந்தது. கூரியர்காரர் மணியடித்தார். உன் மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய பொட்டலத்தைப் பிரித்தேன். நம் ஜப்பான்காரர்களின் வீடியோ கேமில் புதுப் பாகம்! அட்டையில் கதாநாயகன் வாளோடு மலை உச்சியில் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் பல தலைகள் கொண்ட ஏதோ ஒன்று நெருப்பைக் கக்குகிறது. நான் போட்ட கூச்சலில் வேலூர்க் கோட்டை அகழியிலேயே அலை எழுந்திருக்கும்.

ஓடிப்போய்க் கன்ட்ரோலரை எடுத்தேன். கட்டைவிரல் பட்ட இடம் சூடானதும் அந்த வாசனை வந்தது. ஷூ ஒட்டுகிற சொல்யூஷனும் தோலும் கலந்த வாசனை. இடப்பக்கக் குமிழின் ரப்பர் தேய்ந்தபோது நீ பஜாருக்குப் போய் உள்ளங்கை அளவு மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கிவந்து, வட்டமாக வெட்டி ஒட்டினாயே, அதுதான். அந்தத் துண்டுத் தோலுக்கு நீ பில் கேட்டாய். கடைக்காரர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சிரித்தேன். ஏன் கேட்டாய் என்று அன்று எனக்குத் தெரியாது.

இன்று மாலை இன்னொன்றும் நிகழ்ந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் உனக்குப் பிடிக்காது. முதலிலிருந்தே வருகிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் நின்றாய். கடைசியில் ஃபைனல் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு தையல் பிசகினாலும் ஷூவைத் திருப்பி அனுப்புகிற ஆள். முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தபோது, உன் மகன் தன் கேம் பெட்டியை டிவிக்குக் கீழே விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். நானோ தென்னிந்தியாவின் தையல் மெஷின்கள் அனைத்தும் யாருடைய காலடிச் சத்தம் கேட்டாலே பழுது நீங்கி ஓட ஆரம்பிக்குமோ, அந்த மெக்கானிக். ஞாயிறுதோறும் ரயிலேறி உன்னைப் பார்க்க வருவேன். அதாவது, உன் கையால் சாப்பிட வருவேன். அப்படி ஒரு ஞாயிறு மதியம், உன் பொழுது போகட்டும் என்று டிவியில் அந்த கேமைப் போட்டேன்.

ஊர் ஊராகப் போக வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், காட்டில் பூதங்களை அடித்துப் பலம் சேர்க்க வேண்டும், கடைசியில் உலகத்தை அழிக்க வந்த அரக்கனை ஒழிக்க வேண்டும் என்று விளக்கினேன். ஜப்பான்காரர்கள் பல வருஷமாக இதையே பாகம் பாகமாக வெளியிட்டுத் தள்ளுகிறார்கள், நம் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளைவிட எண்ணிக்கை அதிகம் என்றும் சொன்னேன்.

"இது எத்தனாவது?" என்று கேட்டாய்.

"இருக்கறதுலயே கடைசிக்கா. படம் சூப்பரா இருக்கும். ஒவ்வொண்ணும் தனிக்கதை, எதுலேர்ந்து வேணா ஆரம்பிக்கலாம்."

"கட்டிங் இல்லாம, ஸ்டிச்சிங் இல்லாம, நேரா ஃபைனலுக்கு வந்த ஷூ எங்கனா பாத்துருக்கறியா? ஒண்ணாம் நம்பரைப் போடுறா."

போட்டேன். ஒன்றாம் பாகத்தில் கதாநாயகன் எறும்பு அளவு. அரசனும் எறும்பு அளவுதான், தலையில் மஞ்சளாக ஒரு புள்ளி இருந்தால் அது கிரீடம். காடு என்பது பச்சைப் பொட்டுகள். நீ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாய். "இவனா உலகத்தைக் காப்பாத்தப் போறான்? சோறு தின்னு மூணு நாள் ஆன மாதிரி இருக்கறான்" என்றாய்.

முதல் ஊர், முதல் வீடு. நான் கதாநாயகனை நேராக டிராயருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"டேய், டேய்! இன்னா பண்றே?"

"டிராயரைத் திறக்கறேன்க்கா. உள்ள மருந்து இருக்கும்."

"யார் வீடு இது?"

"யாரோ ஒருத்தர் வீடு."

"அவரு எங்க?"

"அதோ, அடுப்பாண்ட நிக்கறாரே."

"ஆளு நிக்கும்போதே அவரு டிராயரைத் திறப்பியா நீ?"

"அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருக்கா. இந்த கேமோட பழக்கமே இதான். உலகம் பூரா எல்லாரும் எடுக்கறாங்க."

"எடுக்கட்டும். நம்ம ஆளு எடுக்க மாட்டான்."

அன்றே சட்டம் போட்டுவிட்டாய். காட்டிலும் குகையிலும் கிடக்கும் பெட்டிகளைத் திறக்கலாம். வீட்டுக்குள் இருப்பதைத் தொடக் கூடாது. ஊருக்குள் நுழைந்ததும் எல்லோரிடமும் ஒரு முறை பேச வேண்டும், கிளம்பும்போது இன்னொரு முறை பேச வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனவள் மாதிரி நீ வீடு வீடாக நுழைந்தாய். நான் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் சொல்ல, நீ டிவியைப் பார்த்துத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய்.

விளைவு? உலக வரலாற்றிலேயே மிகவும் ஏழையான கதாநாயகன் நம்முடையவன்தான். மருந்து கிடையாது. கையில் ஒரு குச்சி. ஊர் எல்லையில் ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருந்த ஒரு பூதம் அவனை ஒன்பது முறை கொன்றது.

என்னால் தாங்க முடியவில்லை. நீ டீ போட எழுந்து போவாய். அடுப்பு, பால், கொதி, வடிகட்டல் எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் நான் ஆறு வீடுகளைக் காலி செய்தேன். கொள்ளையர் உலகமே எனக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

நீ திரும்பி வந்ததும் முகத்தைச் சுருக்குவாய். "இன்னாடா, மருந்து ஜாஸ்தியா இருக்குது?"

"காட்ல கெடச்சுதுக்கா."

ஒன்றாம் பாகத்து அரக்கன் விழுந்தான். நீ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து, பழைய கம்பெனி லைன் தோழிகளுக்கெல்லாம் கொடுத்தாய். பக்கத்து வீட்டு பாய்க்கு நீயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தாய். "ஒரு வீட்லயும் கை வெக்காம ஜெயிச்சேன் பாய்" என்றாய். நான் உன் பின்னாலேயே நின்று நான்கு பேடா சாப்பிட்டேன். இரண்டாம் பாகமும் இப்படியே முடிந்தது.

மூன்றாம் பாகத்தில் பால் திரிந்துபோனது. அரக்கர்களால் முடியாததை ஒரு பாக்கெட் பால் செய்தது. டீ இல்லாமல் இரண்டே நிமிஷத்தில் நீ திரும்பி வந்தபோது, நம் ஆள் ஒரு தச்சர் வீட்டில் டிராயரைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். பலம் தரும் விதை கிடைத்தது என்று திரையில் கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நான் தமிழில் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை.

நீ கத்துவாய் என்று பார்த்தேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தாய்.

"எந்த பாகத்துலேர்ந்து?"

"ஒண்ணுலேர்ந்துக்கா."

"அப்ப நான் அந்த பேடா குடுத்தது?"

நான் டிவியைப் பார்த்தேன்.

அப்போதுதான் சொன்னாய். உனக்குப் பத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்த புதிது. மேஜைக்கு அடியில் மாட்டியிருந்த உன் சாப்பாட்டுப் பையில் லைனிங் தோல் துண்டு ஒன்று விழுந்திருக்கிறது. உள்ளங்கை அளவு, குப்பைக்குப் போக வேண்டியது. சாயங்காலம் கேட்டில் பையைத் திறந்து காட்டும்போது வாட்ச்மேன் அதை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்தார். உன்னை ஓரமாக நிற்கவைத்தார்கள். ஷிஃப்ட் முழுக்க உன்னைப் பார்த்துக்கொண்டே வெளியே போனது. எல்லோரும் போன பிறகு, அது தானாக விழுந்ததைப் பார்த்த ஒரு பெண் வந்து சொல்லி உன்னை விட்டார்கள்.

"நான் எடுக்கலன்னு சொன்னேன்டா. ஒருத்தரும் கேக்கல. அன்னிலேர்ந்து கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே பையக் கொட்டிப் பாத்துட்டுத்தான் வருவேன்."

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. பஸ் லேட் என்று சொல்லிவிட்டு நீ சாப்பிடாமல் படுத்தாய். உன் பங்கு முட்டையையும் நான்தான் சாப்பிட்டேன். கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்பும்போதுகூட நீ பையைக் கவிழ்த்துப் பார்ப்பாய். "அக்கா மண்டபத்தையே மடிச்சு உள்ள வெச்சிருக்கறாங்க போல" என்று நான் எத்தனை தடவை எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்! அன்று நாக்கைப் பிடுங்கி டிவி ஸ்டாண்டில் வைத்துவிடலாம் போல இருந்தது.

நீ கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரை என் கையில் திணித்தாய். "ஒண்ணாம் நம்பரைப் போடு. முதல்லேர்ந்து."

அடுத்து வந்த ஞாயிறுகளைப் போல இந்தப் பூமியில் எவனும் வாழ்ந்திருக்க மாட்டான். திருட்டு இல்லை என்றால் உழைப்புதான். காட்டிலேயே குடியிருந்தோம். கஞ்சிப் பூதங்களை ஆயிரக்கணக்கில், இல்லை, லட்சக்கணக்கில் அடித்தோம். அந்த இனமே நம்மால் அருகிப்போயிருக்கும். கடையில் தோல் கவசம் விற்றார்கள். "எந்த ஊர் டேனிங், எங்க பதம் போட்ட தோலுன்னு கேளு, நனைஞ்சா விறைச்சிடப் போவுது" என்றாய். கேட்க வழியில்லை என்றதும் அரை மனதோடு வாங்கினாய். நீயே கன்ட்ரோலரைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாய். நீ ஒட்டிய தோலே தேய ஆரம்பித்தது.

ஒன்றாம் பாகத்துக் கடைசிச் சண்டை! பதிமூன்று முறை தோற்று, பதினான்காவது முறை. நம் ஆளின் உயிர் மூன்றே புள்ளி. மருந்து தீர்ந்துவிட்டது. அரக்கன் நெருப்பை இழுத்து மூச்சுக்கட்டுகிறான்.

"தடுத்துக்கோக்கா, தடுத்துக்கோ!"

"சும்மா இருடா, பேஜார் பண்ணாத! அடிக்கப் போறேன்."

அடித்தாய். திரை வெள்ளையாக மின்னியது. பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. நீ முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றுவிட்டாய். பாய் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"இன்னாச்சும்மா, இன்னாச்சு? கேஸ் லீக்கா?"

"இல்ல பாய். அன்னிக்கு குடுத்த பேடா பொய். இன்னிக்குத்தான் நெஜமா ஜெயிச்சேன்."

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "அப்ப நெஜத்துக்கு பேடா எங்கம்மா?"

இரண்டாம் பாகத்தையும் சுத்தமாக முடித்தோம். மூன்றாம் பாகத்தில் ஒரு கடற்கரை ஊருக்குள் நுழைந்து, எல்லோரிடமும் ஒரு முறை பேசிவிட்டு, சத்திரத்தில் ஆளைத் தூங்கவைத்தோம். மீதியை அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றாய். புதன்கிழமை உன் நெஞ்சு நின்றுவிட்டது. அதை மிகைப்படுத்த எனக்கு வரவில்லை, அக்கா.

உன் மகன் கேம் பெட்டியை என்னிடம் கொடுத்தான். நேற்று வரை நான் அதைத் தொடவில்லை. புதுப் பாகம் வந்ததும் போன் செய்தான்.

"மாமா, நேரா இதையே ஆடுங்க. பழசெல்லாம் எதுக்கு? எல்லாம் தனிக்கதைதான்."

"உங்கம்மா மூணாம் பாகத்துல ஒரு சத்திரத்துல ஆளை விட்டுட்டுப் போயிருக்கறா. அவன் எழுந்திருக்க வேணாமா?"

"நீங்க ஒவ்வொண்ணா முடிச்சு வர்றதுக்குள்ள அடுத்ததும் வந்துடும் மாமா!"

"வரட்டும்டா. வரிசையில நிக்கட்டும்."

புதுப் பாகத்தின் அட்டைப்பெட்டியை பீரோ மேல் ஏற்றிவைத்தேன். இன்று மதியம் சத்திரத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். உள்ளுக்குள் ஒரு குரல். அரக்கனின் மலை பக்கத்தில்தான் இருக்கிறது, கையில் மருந்து கம்மி, வீட்டில் யாரும் இல்லை, ஒரே ஒரு டிராயர் திறந்தால் யாருக்குத் தெரியும் என்றது. என் குரல்தான். எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்.

உன் சட்டப்படி, கிளம்பும் முன் இரண்டாம் முறை பேசப் புறப்பட்டேன். மூன்றாவது வீடு ஒரு உப்பு வியாபாரியுடையது. உன் முதுகுக்குப் பின்னால் ஆடிய அந்தப் பழைய ஆட்டத்தில், இதே டிராயரிலிருந்து ஒரு மூலிகைக் கட்டைத் தூக்கியவன் நான். அந்த ஆளிடம் இரண்டாம் முறை பேசும்வரைகூடக் காத்திருக்கவில்லை. இன்று போய் எதிரில் நின்று பேசினேன். வழக்கம் போல உனக்காகச் சத்தமாகத் தமிழில் படித்தேன்.

'நீ இன்னும் கிளம்பவில்லையா? என் மகன் அந்த மலைக்குப் போனான், திரும்பவில்லை. அவனுக்கென்று வாங்கிய மூலிகை டிராயரில் இருக்கிறது. நீ எடுத்துக்கொண்டு போ.'

அக்கா! அந்த வீட்டில் திருடவே வேண்டியதில்லை! இரண்டாம் முறை பேசியிருந்தால் அந்த மனிதரே கொடுத்திருப்பார்! நான் சோபாவிலிருந்து கூரை வரைக்கும் குதித்தேன். அப்புறம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு டிராயரைத் திறந்தேன். இத்தனை பாகங்களில் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் நான் திறந்த முதல் டிராயர்.

மலைக்குப் போனேன். ஆறு முறை தோற்றேன். ஏழாம் முறை, இந்தப் பாகத்தில் நம் ஆளுக்குத் துணையாக வரும் மூன்று பேரும் விழுந்துவிட்டார்கள், நம் ஆள் மட்டும் ஒரு காலில் நிற்கிறான். அந்த நேரத்தில் மூலிகையைக் கொடுக்க வேண்டும் என்று எந்த முட்டாளுக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை. "அடிக்கப் போறேன்" என்று கத்திக்கொண்டே அடித்தேன். அரக்கன் விழுந்தான். எதிர்வீட்டு நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் பாகம் முடிந்தது என்று உன் மகனுக்குப் போனில் சொன்னேன். மூலிகை செலவாகாமல் அப்படியே இருக்கிறது என்றும் சொன்னேன். "அது இதோட முடிஞ்சுது மாமா, நாலாம் பாகத்துக்கெல்லாம் கூட வராது" என்று சிரித்தான்.

அவனுக்கு என்ன தெரியும். வீட்டுக்காரர் தன் வாயால் கொடுத்தது அது. நான் எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.

உன் தம்பி