பத்துக்குக் கீழே

நாள் 61 | 09:10
நிலவில் உள்ள முதியோர் இல்லம், மருத்துவப் பதிவு. எழுதுவது டாக்டர் இளவெயினி, வயது 31. இங்கே மனிதப் பணியாளர் நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் இயந்திரக் கைகள்.
வாராந்தர அளவீடு முடிந்தது. நாற்பத்தாறு பேரும் கைப்பிடியின் பலத்தை அளக்கும் பிடிமானியை அழுத்தினார்கள். சராசரி 19 கிலோ. வந்தபோது 27. என் அப்பா சங்கரலிங்கம், 72 வயது, தூத்துக்குடியில் கிரேன் ஓட்டியவர்: 24.
என் மகள் நறுமுகைக்கு 08:30க்குப் பால் கொடுத்தாயிற்று. ஆறு மாதக் குழந்தை. பாட்டிலைத் திறந்து பாலூட்ட மட்டும் இயந்திரக் கைகளுக்குத் தெரியாது. அதனால் அதையும் இங்கேயே குறிக்கிறேன்.

நாள் 98 | 11:40
வரிசை மாறவே இல்லை. முதலில் கை தளர்கிறது. ஆறு வாரத்தில் பெயர்கள் மறந்துபோகின்றன. எடை குறைந்த இடம் என்பது போதாதென்று, டம்ளர், சீப்பு எதைத் தொட்டாலும் இயந்திரக் கை வந்து பிடுங்கிக்கொள்கிறது. வாயைத் துடைத்துவிடுகிறது. அதே துணியால் அடுத்தவர் வாயையும்.
'ஒரு டம்ளர்கூடத் தூக்க வேண்டாம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, முழங்கால் வலிக்கு நல்லது என்று அப்பாவை நான்தான் அழைத்து வந்தேன்.
பளு தூக்கும் பயிற்சி கேட்டதற்குப் பூமியிலிருந்து மேலாளர் அருமைராஜின் பதில்: "மேடம், பெரியவங்க ஓய்வெடுக்க வந்திருக்காங்க. குஸ்திக்கா கூட்டிட்டு வந்தோம்? கையில வேலையக் குடுத்தா பிள்ளைங்க நம்மளத்தான் திட்டும்."

நாள் 140 | 10:05
புது உத்தரவு. பிடி பத்துக்குக் கீழே போனால் 'அமைதிப் பிரிவு'. போய்ப் பார்த்தேன். பதினொரு பேர். பட்டையால் கட்டி, குழாயில் கூழ். இயந்திரக் கை ஒருவர் கன்னத்தைத் தட்டி, "நல்லா இருக்கீங்களாய்யா?" என்று கேட்கிறது. பதிலையும் அதுவே பதிந்துகொள்கிறது. வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.
அப்பா 11. "இந்தச் சனியன வச்சி எனக்கு என்னட்டி பரிச்ச? கிரேன்ல ஒண்ணு இருக்குமே, இழுப்பமே... அதக் குடு, காட்டுதேன்" என்றார். முப்பத்தைந்து வருடம் பிடித்த லீவரின் பெயர் வரவில்லை.

நாள் 147 | 09:15
அப்பா 9.
பிடிமானி தானே எண்ணைப் பதிந்துவிடும். பொய் எழுத வழியில்லை. "மறுபடி" என்று அழுத்தி, அப்பா பெயரில் நானே முழுப் பலத்தோடு பிடித்தேன். 26. டாக்டர் செய்கிற காரியமா இது? என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அவரைக் கட்ட மாட்டார்கள்.

நாள் 154 | 12:00
அருமைராஜிடமிருந்து: "உங்கப்பா கலக்குறாரு மேடம்! அவர் போட்டோவத்தான் புது விளம்பரத்துக்குப் போடுறோம்." த்தூ.

நாள் 223 | 10:30
அப்பாவின் கோப்பு: 26, 21, 17, 12. இப்படி இறங்குகிறதே என்று அரைமணி நேரம் அவருக்காகக் கவலைப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த எண்கள் என்னுடையவை.
நறுமுகையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதும் இயந்திரக் கைதான். நான் கடைசியாக எப்போது தூக்கினேன்? வசதி வசதி என்று இதற்கும் பழகிப்போனேன். சீ.
மீட்புக்கலம் கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டேன்.

நாள் 229 | 08:50
அனுப்பவில்லை. எழுதியது அப்படியே கிடந்தது. இப்போது அனுப்பினேன். அருமைராஜ்: "பதட்டப்படாதீங்க மேடம். கப்பல் வர்றதுக்கு ஒன்பது நாள் ஆகும்."

நாள் 23? | கடைசி எண் ஞாபகம் வரவில்லை
நறுமுகைக்கு 08:30க்குப் பால் கொடுத்தாயிற்று.
நறுமுகைக்குப் பால் கொடுத்தாயிற்று.
குழந்தைக்குப் பால் கொடுத்தாயிற்று.
பாட்டில் நிறைந்தே இருக்கிறது.
மூடி திருக வரவில்லை. துணி சுற்றித் திருகினேன். பல்லால் கடித்தேன். அப்பாவிடம் நீட்டினேன். "இங்க கொண்டாட்டி" என்று வாங்கினார். கையிலிருந்து நழுவி, மெதுவாக, மெதுவாகக் கீழே இறங்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எதற்குத் திறக்க வேண்டும் என்று
அழுகைச் சத்தம். இப்போது சின்னதாகிவிட்டது.
இயந்திரக் கை என் வாயைத் துடைத்தது. அதே துணி.
வருகிறவர் யாராக இருந்தாலும், இதை அப்புறம் படியுங்கள். முதலில் அந்த மூடியைத் திறவுங்கள்