எட்டாம் நம்பர் தாண்டிய மலை

அக்டோபர் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். முட்டி மட்டும் முணுமுணுக்கிறது. மலையடிவார விடுதிக்கு வந்துவிட்டேன். ஆமாம், அதே மலைதான்! பத்து வயதில் காய்ச்சலோடு உங்கள் ரேடியோ ரிப்பேர் மேசைக்குப் பக்கத்தில் படுத்து சைக்கிள் பந்தய வர்ணனை கேட்டேனே, எட்டாம் நம்பர் வீரர் பனியில் மிதித்துத் தாண்டிய மலை. இருபது வருடம், பதினேழு நாடு சுற்றியதெல்லாம் இதற்காகத்தான்.

இந்த வருடம் பனி சீக்கிரமே இறங்கிவிட்டது. விடுதிக்கார அம்மா, "போகாதேம்மா, போன வாரம் ஏறின ரெண்டு பேர் இன்னும் திரும்பல" என்று கையைப் பிடிக்கிறார். எட்டாம் நம்பரால் முடிந்தது என்னால் முடியாதா? பின்சக்கரம் சரியானதும், பதினைந்தாம் தேதி ஏறுகிறேன். இங்கே போன் கிடையாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
பெடல்ராணி


அக்டோபர் 9

பெடல்ராணிக்கு,

அவசரத் தபாலில் எழுதுகிறேன். நலம் விசாரிக்க நேரமில்லை.

எட்டாம் நம்பர் அந்த மலையைத் தாண்டவே இல்லை.

அன்றைக்கு ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டிருந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் கேட்கக் கேட்க உனக்குச் சொன்னேன், ஞாபகமிருக்கிறதா? ஒன்பதாவது வளைவில் அவர் இறங்கிவிட்டார். விரல் மரத்து, பிரேக் பிடிக்க முடியாமல், பின்னால் வந்த வேனில் ஏறிக்கொண்டார். உனக்கோ உடம்பு அனலாய்க் கொதித்தது. "தாண்டிட்டாராப்பா?" என்றாய். "தாண்டிட்டாரும்மா!" என்றேன். அதோடு விட்டேனா? கூட்டம் கைதட்டுகிறது, ஆர்ப்பரிக்கிறது என்று நானே வர்ணனையை முடித்துவைத்தேன். பிறகு அவர் ஏன் பந்தயத்தில் ஜெயிக்கவில்லை என்று நீ கேட்டபோது, மறுநாள் டயர் வெடித்துவிட்டது என்று இன்னொரு புளுகு. நீ சைக்கிளோடு கிளம்பும்போதெல்லாம் சொல்ல நினைப்பேன். வாய் வராது.

என்னைத் திட்டு. என் முகத்தில் விழிக்காதே. ஆனால் ஏறாதே.

பாவி அப்பா


அக்டோபர் 20

பெடல்ராணிக்கு,

பதினோரு நாளாகிறது. தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிக்கிறேன். என்னைக் கண்டாலே அவர் இப்போது அடுத்த தெருவில் நுழைந்துவிடுகிறார். பதினைந்துக்குள் என் கடிதம் வந்ததா? ஒரு வரி போதும். கோபமாகவே எழுது.

அப்பா


அக்டோபர் 21

அப்பா,

கை விரல்களில் போட்ட கட்டுகளை இன்றுதான் அவிழ்த்தார்கள். அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல்.

பதினைந்தாம் தேதி காலை, சைக்கிளை வெளியே எடுத்தபோது உங்கள் கடிதம் வந்தது. படித்தேன், அங்கேயே கிழித்தேன், ஆத்திரத்தில் கிளம்பியும்விட்டேன். அவர் தாண்டாவிட்டால் என்ன, நான் தாண்டிக் காட்டுகிறேன் என்று.

ஒன்பதாவது வளைவில் விரல் மரத்துப்போனது. பிரேக் பிடிபடவில்லை. முன்னால் பாதையே தெரியவில்லை. இங்கேதானே அவரும் இறங்கினார் என்று தோன்றியது. நானும் இறங்கினேன். சைக்கிளைப் பனியிலேயே போட்டுவிட்டு, விழுந்து எழுந்து நடந்தே வந்தேன். உங்கள் பொய்யை மட்டும் நம்பியிருந்தால் இறங்கியிருக்கமாட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உங்கள்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறேன். ஹெட்போனை எடுத்து வையுங்கள். அந்தப் பந்தயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும், அவர் இறங்கியது உள்பட.

இந்த முறை எனக்குக் காய்ச்சல் இல்லை.

பெடல்ராணி