மிஸ் தந்த பன்னிரண்டு சொற்கள்

கார்த்திகை 2, ஞாயிறு

விடியற்காலையிலிருந்தே மழை. குடையில் இரண்டு கம்பி போய்விட்டது. நனைந்துகொண்டே களுவாஞ்சிக்குடி, ஆங்கில வகுப்பு. நூலக உதவியாளர் வேலையில் ஒரு படி ஏற வாய்மொழிப் பரீட்சையாம். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இந்தக் கூத்து.

இன்றைய பாடம்: இணையம் நம் அன்றாட வாழ்வை என்ன செய்கிறது என்று பேசுவதற்குப் பன்னிரண்டு சொற்கள். கனெக்டட், இன்ஸ்டன்ட், பிரைவசி, அடிக்டட், ரிலை ஒன், கீப் இன் டச். மிச்சம் கொப்பியில். ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வசனம். "போனில பாத்து எழுதினா எனக்கு விளங்கும்," என்றார் மிஸ்.

வாங்க: அப்பாவின் பிரஷர் குளிசை, டேட்டா, குடை.

கார்த்திகை 4, செவ்வாய்

அப்பா விடிய கிணற்றடியில் விழுந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி. பேச்சு இல்லை. கண் மட்டும் என்னைத் தேடுகிறது.

தம்பி சுதனிடம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். கத்தாரில் உயரத்தில் நின்று வயர் இழுக்கிற வேலை அவனுக்கு. மாமாவும் அதையே சொன்னார்: "தூரத்தில கிடக்கிற புள்ளைக்கு எடுத்த எடுப்பில சொல்லப்படா. முதல் காய்ச்சல் எண்டு சொல்லு, பிறகு கடுமை எண்டு சொல்லு. மற்றது பிறகு." எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான்.

ஆனால் அம்மா செத்ததை அவன் அறிந்தது, யாரோ போட்ட கண்ணீர் அஞ்சலிப் படத்தில். அப்போது என்னிடம் சத்தியம் வாங்கினான். "இனி எதுவெண்டாலும் உங்கட வாயால சொல்லுங்கக்கா. போனில பாக்க வச்சிராதீங்க."

கார்த்திகை 5, புதன்

போனில் 'நம்ம வீடு' குரூப்பில் மூன்றே பேர். அப்பா, நான், சுதன். தினமும் ஆறு மணிக்கு அப்பா ஒரு ரோசாப்பூப் படம் போடுவார், காலை வணக்கம் என்று. நேற்று வரவில்லை. இன்று அப்பாவின் போனிலிருந்து நான் போட்டேன். சுதன் உடனே இதயம் போட்டான். கள்ளவேலை.

ரிலை ஒன்: என் தம்பி ஒரு ரோசாப்பூவை நம்பி வேலைக்குப் போகிறான். ஆங்கிலத்தில் எழுதி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, "என்னகா, டொக்டர் ஏதும் சொன்னாரா?"

கன்டீன் இடியப்பம் கல்லு.

கார்த்திகை 7, வெள்ளி

அப்பா போய்விட்டார். காலை ஒன்பது பத்துக்கு. ஆறு மணிக்கும் ரோசாப்பூ போட்டேன், பாவி.

மாமாவின் மக்களிடம் கெஞ்சினேன்: சுதனுக்கு நான் சொல்லும்வரை ஒருவரும் போனில் எதுவும் போடக்கூடாது. வெள்ளியிலும் அவனுக்கு வேலை, சாப்பாட்டு நேரம் நம் இரண்டரை. கீழே இறங்கி இருப்பான். அப்போது சொல்லலாம். போடவில்லை, நல்ல பிள்ளைகள்.

நான்தான்.

"ஊருக்கு அறிவிக்கோணும், ஒலிபெருக்கிக்காரனுக்கு விவரம் எழுதி அனுப்பு புள்ள," என்றார் மாமா. எழுதினேன். செட்டிபாளையத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்... அன்புக் கணவரும்... பாசமிகு தந்தையும்... அனுப்பினேன். என் கைப்பைக்குள் அப்பாவின் போன் அதிர்ந்தது.

குரூப்பில் போட்டிருக்கிறேன். "அப்பாக்கு இண்டைக்கு எப்படிக்கா?" என்று சுதன் சற்று முன்தான் கேட்டிருந்தான். அதனால் குரூப் பட்டியலில் மேலே வந்து நின்றிருக்கிறது, ஒலிபெருக்கிக்காரன் என்று நினைத்து நான் பார்க்காமல் அமத்திவிட்டேன். அப்பாவின் மரண அறிவித்தல் அப்பாவுக்கே போயிருக்கிறது.

'எல்லோருக்கும் அழி' கொடுத்தேன். அழிக்கும்போது, பார்த்ததைக் காட்டும் சரி அடையாளம் நீலமாகியிருக்கவில்லை. பார்க்கவில்லை, தப்பினேன் என்று நினைத்தேன்.

இரண்டரைக்கு எடுத்தேன். "தம்பி, அப்பா..." என்றேன். "சரிக்கா," என்றான். வைத்துவிட்டான்.

கார்த்திகை 8, சனி

அடக்கம். மழை விட்டுத் தந்தது. சுதனுக்கு லீவு இல்லை. ஸ்டூடியோக்காரர் நேரலை போட்டார். பார்க்கிறவர்களில் அவன் பெயரும் இருந்தது. பெட்டி மூடும்போது ஸ்டூடியோக்காரர் பின்னால் நின்று, "தங்கச்சி, கமராவ மறைக்காம நில்லுங்க." விலகி நின்றேன். தம்பி பார்க்கட்டும்.

கார்த்திகை 14, வெள்ளி

எட்டாம் நாள் படையல். அப்பாவுக்குப் பிடித்த இறால் பொரியல், பாலப்பம், வெற்றிலை எல்லாம் படைத்தோம். ஊரே வந்து சாப்பிட்டது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

சுதன் ஒரு கிழமையாகக் கதைக்கிறதில்லை. எடுத்தால் "வேலைக்கா." அவ்வளவுதான். பெற்றவர்கள் இருவரும் போன பிறகு எனக்கு இருக்கிறது அவன் ஒருவன்.

கார்த்திகை 16, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. மிஸ் பலகையில் நடுவே கோடு போட்டார். இந்தப் பக்கம் நன்மை, அந்தப் பக்கம் தீமை. எனக்கு வந்த சொல் இன்ஸ்டன்ட். என் தந்தையின் மரண அறிவித்தல் ஒரு நொடியில் என் தந்தைக்குப் போனது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மிஸ் சோக்கட்டியோடு நின்றார். எந்தப் பக்கமும் எழுதவில்லை. "நீங்க இருங்க," என்றார், தமிழில்.

பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் முழுவதையும் சொன்னேன். அவள் சொன்னாள்: "குரூப்பில எல்லாரும் பாத்தாத்தான் அது நீலமாகும் அன்ரி." அப்பாவின் போன் திறக்காமல் என் பையில் கிடந்தது. எப்படி நீலமாகும்?

சுதனுக்கு எழுதினேன்: அன்றைக்கு நீ பார்த்தாயா?

கார்த்திகை 17, திங்கள்

பதில் இல்லை. நூலகத்தில் கூரை ஒழுக்கு. பத்திரிகைக் கட்டுகளை இடம் மாற்றினேன்.

கார்த்திகை 18, செவ்வாய்

சுதனின் குரல் பதிவு. நாலு தரம் கேட்டேன். கேட்டபடியே எழுதுகிறேன்.

"பாத்தன்கா. ஏணியில நிண்டு பாத்தன். கீழ இறங்கிட்டுத் திரும்பப் பாக்கக்குள்ள அது இல்ல. அழிச்சிரிக்கீங்க. அப்ப நினைச்சன், ஆரோ பொய்யாப் பரப்பின கதையாக்கும், அக்கா பிழையா இதில போட்டுட்டா எண்டு. விடியவும் அப்பாட படம் வந்ததுதானே. கூட வேலை செய்யிற எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தன், அப்பா இரிக்கார் எண்டு சொல்லி. நீங்க கோல் எடுக்கிற வரைக்கும் நான் சந்தோசமா இருந்தன்கா. அதை நினைச்சாத்தான் உங்களோட கதைக்க ஏலாமக் கிடக்கு."