அண்ணன் கொடுத்த தசமபாகம்

சித்தூர்,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் அன்பான தம்பி ஜெர்ரிக்கு, அக்கா ஜெபமணி எழுதுவது. நானும் மகள் கேசியாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் பிரீத்தியும் பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அக்கா எதற்குக் கையால் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ அப்படியே வக்கீலுக்குத் தள்ளிவிடுகிறாய், அதனால்தான்.

கேசியாவுக்குத் திருப்பதியில் நர்சிங் கடைசி வருஷம். ஹாஸ்டல் பணத்தை இந்த முறையும் நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். நம்மைப் பெற்ற நைனா ஆரம்பித்த மாம்பழக் கூழ் கம்பெனியில் மூன்று வருஷமாக லாபமே இல்லையாம். பங்குதாரர்களான உனக்கும் எனக்கும் ஒரு பைசா வரவில்லை. நிர்வாக இயக்குநரான நம் அண்ணன் நேசகுமாருக்கு மட்டும் கம்பெனி செலவில் புதுக் கார் வந்திருக்கிறது.

திருப்பதியில் ஓட்டல் அறை ஒன்று வருஷம் முழுக்கக் கம்பெனி பெயரில் இருக்கிறது. கேட்டால், வடக்கேயிருந்து கூழ் வாங்க வருகிறவர்கள் திருமலைக்குப் போகாமல் திரும்பமாட்டார்கள், அவர்களைத் தங்க வைக்க வேண்டாமா என்கிறார். சரி, ஜூன், ஜூலையில் வருவார்கள். மரத்தில் பூகூட இல்லாத நவம்பரில் யார் வருகிறார்கள்? கேசியாவைப் பார்க்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். அண்ணியின் தம்பி அங்கே சட்டையைத் தேய்க்கக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் லிஃப்டுக்குள் நுழைந்துவிட்டான்.

மாதச் சம்பளம் ஒரு லட்சம்தான் என்று, நீ போட்ட கேஸில் அண்ணன் கோர்ட்டில் பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறார். ஆனால் நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு தசமபாகம் கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் போதகர் ஐயா வாசிப்பாரே, போன மாதம் அண்ணன் பெயருக்கு நாற்பதாயிரம் என்று வந்தது. பத்தில் ஒரு பங்கு நாற்பதாயிரம் என்றால் கைக்கு வருவது நாலு லட்சம் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் நம்மை ஏமாற்றுவார், ஆண்டவரை ஏமாற்றமாட்டார். வயிறு எரிந்து உன்னிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

அதை நீ வக்கீல் சுரேஷ்பாபுவிடம் சொல்ல, அவர் நோட்டீசிலேயே எழுதி அண்ணனுக்கு அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை என்னைத் திருப்பதிக்கு வரவழைத்தார். சபையில் நானே காதால் கேட்டதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டால் அண்ணனை இயக்குநர் பதவியிலிருந்தே இறக்கிவிடலாமாம். என்னைக் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அடித்துத் தயாராக வைத்திருந்தார். படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் என் வீட்டுக்கு வந்து கத்தினார். கிறிஸ்மஸுக்குக் குடும்பத்தோட வந்துக்கினு போனானே, பிளேன் டிக்கெட்டு யாரு துட்டுல எடுத்தான்னு அவனைக் கேளு, அவனும் டைரக்டருதானே என்றார். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று நானும் கத்தினேன். ஆனால் ராத்திரி நீ பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஓட்டல் அறையைப் பற்றி நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். நீ அண்ணனின் சம்பளத்தை மட்டும்தான் பேசுகிறாய். செலவுக் கணக்கைத் திறக்கச் சொல்லி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் ஜெர்ரி?

இன்றைக்கு முதல் ஞாயிறு. அண்ணன் முன் வரிசையில் இருந்தார். போதகர் ஐயா வாசித்தார்: நேசகுமார், பத்தாயிரம். நோட்டீசைப் பார்த்த பிறகு, பிரமாணப் பத்திரத்தில் சொன்னதற்குச் சரியாக வந்துவிட்டது. அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை. சந்தேகம் ஊர்ஜிதமானதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவரிடம் மிச்சமிருந்த ஒரே நேர்மையையும் நாம்தான் பிடுங்கிவிட்டோம்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அந்தக் காகிதத்தைக் கிழிக்கவுமில்லை. அடுத்த வாய்தாவுக்குள் நீ வா. அவர் வாங்கியதையும் நீ வாங்கியதையும் என் முன்னால் உட்கார்ந்து சொல்லுங்கள். அண்ணனோ நீயோ, யார் பேரில் தப்பு இருந்தாலும் அந்த ஆளுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவேன்.

வழியெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணையாக இருப்பாராக. டிக்கெட்டை மட்டும் உன் சொந்தக் காசில் எடுத்து வா, தம்பி.

உன் அக்கா,
ஜெபமணி