வேலு அண்ணன் விட்டுப்போன பூட்ஸ்

அன்று மாலை வாசகசாலையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். “அந்த பூட்ஸ் அவருக்குச் சின்னது.” நான்கே சொற்கள். மூன்று ஆண்டுகளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்துவிட்டு இன்று எழுதுகிறேன், கேட்க நீங்கள் இல்லாதபோது.

இன்று காலை, அறுந்துபோன செருப்பு வாரைத் தைக்கக் கொடுக்க லுக்குட் டவுனில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கடைச் சுவரில் ஓர் ஆணியில், கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, ஒரு ஜோடி பந்தாட்ட பூட்ஸ் தொங்கியது. தோலுக்கு எண்ணெய் போட்டு ஊறவைத்திருந்தார்கள். ஈரத்தோலும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். “ஏம்மா, ஒத்தைச் செருப்போட எங்க போறீங்க?” என்று கடைக்காரர் சத்தம் போட்டார். பஸ் நிறுத்தம் வரை அப்படியேதான் நடந்திருக்கிறேன்.

அண்ணே, நீங்கள் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே பூட்ஸ் உங்களுக்காகக் காத்திருந்தது. வேலு அண்ணனுடையது. எங்கள் அணிக்கு அவர்தான் சென்டர் ஹாப். நடுவில் நின்று பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம் அது. அவர் பந்தை விட்டால் வலது ஓரத்தில் ஓடுகிறவன் காலடியில் வந்து நிற்கும் என்பார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்த புதிதில் ஒரு விடியற்காலை ராணுவ லாரி அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. தொழிற்சங்கத்தில் இருந்தாராம். பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. அதற்குப் பிறகு யாரும் அவர் பெயரை உரக்கச் சொல்வதில்லை. எங்கள் வீடுகளைச் சுற்றிப் படையினர் போட்ட முள்வேலிக்கு உள்ளேயும் யார் யாருடைய காது என்று தெரியாத காலம். பெயரைச் சொல்ல முடியாதவர்கள் பூட்ஸை வைத்துக்கொண்டார்கள். எங்கள் வேலைக் கங்காணி மண்டோர் சின்னையா அதற்கு வாராவாரம் எண்ணெய் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார்.

நீங்கள் லாபு பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அம்மாவோடு வந்தீர்கள். பந்து நன்றாக ஆடுவீர்கள் என்று ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி எங்கோ கேள்விப்பட்டு, துரையிடம் சொல்லி உங்கள் பெயரைப் பதிய வைத்தார். பந்தாட்டக்காரர்களுக்கு ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் மரவரிசைதான் வெட்டு நிரையாகக் கிடைக்கும். பத்து மணிக்கெல்லாம் பால் எடுத்துவிட்டுப் பயிற்சிக்கு வந்துவிடலாம். மற்றவர்கள் மூன்று மைல் நடந்து காட்டோர நிரைக்குப் போக வேண்டும். அங்கே பால்மரம் வெட்டப் போனவர்களைக் காட்டுக்குள்ளிருந்து இரண்டு தடவை சுட்டிருந்தார்கள். உங்கள் இடம் எதை நம்பி நின்றது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முதல் ஆட்டத்தன்று மண்டோர் அந்த பூட்ஸை இரண்டு கைகளாலும் உங்களிடம் நீட்டினார். வேலு அண்ணனுக்குச் செய்த வழக்கப்படியே, புல்வெட்டும் பவுனம்மா அக்கா எலுமிச்சம்பழம் சுற்றிக் கீழே வைத்தார். நீங்கள் பூட்ஸ் காலால் அதை நசுக்கிவிட்டுத் திடலில் இறங்கினீர்கள். கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. உங்களுக்காகக் கத்தவில்லை என்பதை அப்போதே நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

நன்றாக ஆடவில்லை நீங்கள். முதல் ஆட்டத்திலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. பந்து உங்கள் காலைவிட்டுக் கிளம்பும்போதே திசை தப்பிவிடும். ஆனாலும் அந்தக் கூட்டத்தின் பொறுமையை நான் இப்போதுதான் எண்ணி வியக்கிறேன். புல்வெட்டும் பெண்கள், பால் லாரிக்காரர்கள், கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறவர்கள், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள். அவர்கள்தான் பொறுத்தார்கள்.

“விடு லா. புது எடம், புது ஆளுங்க. நாலு மேட்ச் போகட்டும்.”

“நாலு மேட்ச் போனா கப்பும் போயிடும் மண்டோரே.”

“என் மருமக வந்து ஆறு மாசம் கொழம்புல உப்பு போடத் தெரியாம நின்னா,” என்றார் பவுனம்மா அக்கா. “வெரட்டிட்டேனா? தின்னுக்கிட்டுதானே இருந்தேன்!”

“அதான் உன் வீட்டுக்காரன் எங்க வீட்டுல வந்து சாப்பிட்டானா?”

சிரிப்பார்கள். சிரித்துவிட்டு உங்களைப் பார்த்து, “தம்பி, பரவால்ல, அடுத்த பந்து!” என்று கை தட்டுவார்கள். ஊரடங்கு ஆறு மணிக்கு. அதற்குள் எல்லாரும் வேலிக்குள் போய்விட வேண்டும். தோற்ற ஆட்டத்தைப் பேசிக்கொண்டே அந்தக் கூட்டம் வாயிலை நோக்கி நடக்கும்போதும் உங்களைப் பற்றி ஒரு கெட்ட சொல் நான் கேட்டதில்லை.

பொறுமை இல்லாமல் போனது எனக்குத்தான்.

வாசகசாலையில் திங்கட்கிழமைதோறும் ஒரு கையெழுத்துச் சுவரேடு ஒட்டுவார்கள். என் எழுத்து அழகாக இருக்கும் என்று படியெடுக்கும் வேலை என்னிடம் இருந்தது. அதில் ‘பார்வையாளன்’ என்ற பெயரில் பந்தாட்டச் செய்தி வரும். எழுதுவது சின்ன கிராணி என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் மறுக்கவில்லை, மீசையைத் தடவிக்கொள்வார். எழுதியது நான். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசரின் மகள், வாசகசாலைப் புத்தகங்கள் அத்தனையையும் இரண்டு சுற்றுப் படித்து முடித்தவள், திடலோரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவள். அவ்வளவு படித்தும் ஒரு மனிதரை ஒரே வரியில் மடக்கிப் போடுவதைத்தான் நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு எழுதினேன்: “நமது புதிய சென்டர் ஹாப், எதிரணிக்குத் தாய்மாமன் முறை போலிருக்கிறது. கிடைத்த பந்தையெல்லாம் சீர்வரிசையாகக் கொண்டுபோய் அவர்களிடமே வைத்துவிட்டு வருகிறார்.”

படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் சுவரருகே நின்று உரக்கப் படிப்பது வழக்கம். அந்த வரி வந்ததும் வாசகசாலையே அதிர்ந்தது. பவுனம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பசைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆளெண்ணும்போதே ஒருவன் உங்களைப் பார்த்து, “மாமா, தட்டு எங்கே?” என்றான். அடுத்த ஞாயிறு வெளித்தோட்டத்து ஆட்டத்தில் நீங்கள் பந்தைத் தொடும்போதெல்லாம், “தாய்மாமன் வர்றாரு, வழி விடு லா!” என்று திடலைச் சுற்றிலும் கூட வந்த எங்கள் ஆட்களின் குரல். கோபம் வந்திருந்தால் அவர்கள் மறுபடியும் சமாதானமாகியிருப்பார்கள். சிரிக்கப் பழகிய பிறகு பொறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அன்று திரும்பி வரும்போது வாயிலில் சோதனை. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேராமல் தடுப்பதற்காக, போகும்போதும் வரும்போதும் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். பெண்கள் வரிசையில் நான் நின்றிருந்தேன். எதிர் வரிசையில் நீங்கள் வெறுங்காலோடு, பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு. காவலர் பூட்ஸுக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். பஞ்சு. சிவப்பாக ஊறிப்போன பஞ்சு. முகத்தைச் சுளித்துக் கீழே எறிந்துவிட்டு, நடையைக் கட்டு என்பதுபோல் “ஜாலான், ஜாலான்” என்று உங்களைத் தள்ளினார்.

இரண்டு நாள் கழித்து மருந்தகத்துக்கு வந்தீர்கள். அப்பா கீழ் டிவிஷனுக்குப் போயிருந்தார்.

“டிரசர் ஐயா இல்லீங்களா? அப்ப நான் சாயங்காலமா வர்றேன்.”

“காலைக் காட்டுங்க அண்ணே.”

காட்டினீர்கள். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்து, ஒன்று பாதி பெயர்ந்திருந்தது. குதிகாலில் தோலே இல்லை. டிஞ்சர் பட்டதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“பூட்ஸ் சின்னதா?”

“ஒரு ரெண்டு நம்பர் சின்னது, தங்கச்சி.”

“சொல்லக் கூடாதா? சிரம்பான் டவுன்ல வாங்கிக் குடுப்பாங்களே?”

“எப்படிங்க சொல்றது? அந்த மனுசன் பேரைச் சொல்ல வழியில்லாம இதை வச்சு அழகு பாக்குறாங்க. நேத்து வந்தவன் நானு. இது எனக்குப் பத்தலைன்னு சொன்னா அவரே வேண்டாம்னு சொன்ன மாதிரில்ல ஆயிடும்? நீங்களும் சொல்லிடாதீங்க.”

கட்டுப்போட்டு முடித்தேன். எழுந்திருக்கும்போது நீங்கள் சிரித்தீர்கள்.

“சுவரேட்டுல எழுதுறவரு கெட்டிக்காரரு. ரெண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சேன். எனக்கே சிரிப்பு வந்திருச்சு.” பிறகு வாசலில் நின்று, “எங்கம்மா ஆட்டம் பாக்க வருது. அது முன்னாடி மட்டும் அப்படிக் கூப்பிடாம இருந்தாங்கன்னா தேவலை,” என்றீர்கள்.

அதை எழுதியவள் கையில் பஞ்சோடு உங்கள் எதிரில்தான் நின்றிருந்தாள். “சரிங்க அண்ணே,” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் நண்பகலில், மருந்தக ஜன்னலிலிருந்து திடலைப் பார்த்தேன். யாரும் இல்லாத வெயிலில் நீங்கள் மட்டும், கட்டுப்போட்ட வெறுங்காலோடு. திடலின் நடுவிலிருந்து பந்தை உயர்த்தி அடித்தீர்கள். அது வளைந்து போய் மூலைக் கொடிக்கம்பில் பட்டு விழுந்தது. போய் எடுத்து வந்து மறுபடியும் அடித்தீர்கள். மறுபடியும் கம்பில்தான் பட்டது. இப்படி ஆறோ ஏழோ தடவை. போட்டியில் பூட்ஸ் கட்டாயம் என்பது விதி. இல்லாவிட்டால் எங்கள் தோட்டம் அந்தக் கால்களின் ஆட்டத்தை ஒருநாளாவது பார்த்திருக்கும். நான் ஒருத்தி பார்த்தேன். வரப்போகும் சுவரேட்டில் அதை எழுதலாம் என்று தோன்றியது. எப்படித் தெரியும் என்று கேட்டால்? ஜன்னலில் நின்று ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா? அந்தத் திங்கட்கிழமை உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டேன். அதையே பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கள் மாலை வாசகசாலையில் பந்தாட்டக் குழுக் கூட்டம். நான் மூலை மேசையில் சுவரேட்டைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய கிராணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “துரை கேக்குறாரு. பந்தே ஆடத் தெரியாதவனுக்குக் கிட்டத்து நிரை எதுக்குன்னு. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

மண்டோர் சின்னையா உங்கள் பக்கம் திரும்பினார். “தம்பி, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா? சொல்லுப்பா. சொன்னாத்தானே தெரியும்.”

“ஒண்ணுமில்லீங்க. ஆட்டம் சரியா வரலை. அவ்வளவுதாங்க.”

“வேற யாருக்காச்சும் தெரியுமா? என்னான்னு?” மண்டோர் அறை முழுவதையும் பார்த்துக் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். அவர் பொறுமை அப்போதும் தீர்ந்திருக்கவில்லை.

நீங்கள் ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தீர்கள். சொல்லாதே என்றா, சொல் என்றா? எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று கொஞ்சகாலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். நான் வாய் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும். ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் ‘பார்வையாளன்’ வரை வந்துவிடும் என்று பயந்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். பேனாவை மையில் தோய்த்து அடுத்த வரியை எழுதினேன். எழுத்துகூடக் கோணவில்லை.

மறுநாள் பெரட்டில் உங்கள் பெயரைக் காட்டோர நிரைக்குக் கூப்பிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. பூட்ஸை நன்றாகத் துடைத்து, எண்ணெய் போட்டு, மண்டோர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தீர்களாம். “மன்னிச்சுக்குங்க மண்டோரே,” என்றீர்களாம்.

நான் இப்போது ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். கட்டுரை நோட்டில் ஒரு பிள்ளையைக் கிண்டல் செய்யத் தோதாக ஒரு நல்ல வரி வாய்த்துவிட்டால், கை நின்றுவிடுகிறது. அந்த வரியை அடித்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன கஷ்டம் என்று கேட்கிறேன். இதைப் புண்ணியமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

நீங்கள் காட்டோர நிரைக்குப் போன பதினாறாம் நாள், காலை எட்டு மணி சுமாருக்கு அங்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. படையினர் ஒன்று சொன்னார்கள். பக்கத்து நிரைக்காரர் வேறொன்று சொன்னார். யார் சுட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. அப்பாதான் லாரியில் போய் உங்களைக் கொண்டுவந்தார். அப்பாதான் உங்களைக் கழுவிவிட்டார். வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, “அந்தப் பையன் காலுக்கு நீதான் கட்டுப் போட்டியாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “என்கிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றார்.

அடுத்த மாதம் புது சென்டர் ஹாப் ஒருவர் வந்தார். மண்டோர் நீட்டிய பூட்ஸை முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டு, “இது சின்னதுங்க,” என்றார். மண்டோர், “அப்படியா?” என்று கேட்டுவிட்டு, அந்த வாரமே சிரம்பானிலிருந்து அவருக்குப் புது பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்.